பெய்ய வாய்ப்பு உள்ளது

ஓடைப்பட்டி,
வெள்ளிக்கிழமை மதியம்.

மரியாதைக்குரிய மச்சான் ஒச்சாண்டி அவர்களுக்கு,

மொக்கைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை மாயக்காள், மாடுகள், தோட்டத்து மோட்டார் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். தேவாரத்தில் நீங்களும் உங்கள் மூட்டுவலியும் எப்படி என்று எழுதவும். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் என் மகள் உமாதேவி பெயரை எடுத்தாலே நீங்கள் "சிக்னல் இல்ல மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அவள் வானிலை படிக்கச் சென்னைக்குக் கிளம்பிய அன்று வாசலில் பூனை குறுக்கே போனதும், பல்லி கத்தியதும், நீங்கள் "சகுனம் சரியில்ல மாப்ள, பிள்ள மேகத்தப் பாத்து என்னத்தக் கிழிக்கப் போகுது, டிக்கெட்ட ரத்துப் பண்ணு" என்றதும் உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது விவசாயிகளுக்குப் போன் வழியாக வானிலை சொல்லும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை மோட்டார் ரூமில் நிற்கிறேன், போன் அடிக்கிறது, எடுத்தால் மகள் குரல். "வணக்கம். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை" என்றாள். பெற்ற அப்பனுக்கு வணக்கம் எல்லாம் சொல்கிறாளே என்று மனசு குளிர்ந்து, "நல்லாருக்கியாத்தா, சாப்பிட்டியா" என்றேன். "வெள்ளிக்கிழமை வரை ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு உள்ளது" என்றாள். "அது கெடக்கட்டும், கொரலு ஒரு மாதிரியா இருக்கே, மெலிஞ்சிட்டியா" என்றேன். "முதிர்ந்த குலைகளை உடனே அறுவடை செய்யவும், நன்றி" என்று வைத்துவிட்டாள். அது பதிவு செய்த குரல் என்றும், ஓடைப்பட்டியில் திராட்சை போட்ட அத்தனை பேர் காதிலும் அதே நேரத்தில் என் மகள் பேசியிருக்கிறாள் என்றும் பிறகுதான் தெரிந்தது. மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை உங்களிடம் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. பக்கத்துத் தோட்டத்து முத்துராஜா வந்து, "என்ன மாமா, பெய்யும்னு சொல்லணும், இல்ல பெய்யாதுன்னு சொல்லணும். அதென்ன வாய்ப்பு உள்ளது? குடுகுடுப்பைக்காரன்கூட நல்ல காலம் பொறக்குதுன்னு அடிச்சுச் சொல்றான்ல" என்கிறான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. பழத்தில் இனிப்பு ஏற இன்னும் ஒரு வாரம் வேண்டும். இப்போதே வெட்டினால் வியாபாரி முகத்தைச் சுளிப்பான், வெட்டாமல் விட்டு மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்து ஒரு வெள்ளாமையே போய்விடும். நான் சும்மா இருப்பேனா, ஆட்டோவில் மைக்கைக் கட்டித் தெருத்தெருவாகப் போனேன். "சகுனம் வேற, எச்சரிக்கை வேற. சகுனம் பல்லி சொல்றது, அதுக்கு ஒரு படிப்பும் கெடையாது. எச்சரிக்கை எம்மக சொல்றது, அதுக்குப் பட்டம் வாங்கிருக்கா. பூனையப் பாக்காதீக, தும்மலக் கேக்காதீக, கத்தரிய எடுத்து வெட்டுங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்க்கும் பூசாரியே கேள்வி கேட்காமல் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புதனும் வியாழனும் ஊரே வெட்டியது. யார் யார் தோட்டத்தில் வெட்டு முடிந்தது என்று நான் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

மழை வரவில்லை. வெயில்தான் வந்தது, அதுவும் சித்திரை வெயில். பழம் புளிக்கிறது என்று வியாபாரி விலையை இறக்கிவிட்டான். இன்று காலை டீக்கடையில் நான் உட்கார்ந்த பெஞ்சில் ஒருத்தரும் உட்காரவில்லை. முத்துராஜா வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒங்க மக எந்த ஊரு வானத்தப் பாத்துச் சொன்னாக மாமா" என்று மரியாதையாகக் கேட்டான், அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் உமாதேவி போன் செய்கிறாள், இந்தமுறை நிஜப் பிள்ளை. "அப்பா, நான் தனியா முடிவெடுத்துச் சொன்ன மொத எச்சரிக்கை இதுதான். ஊர்ல என்ன பேசுறாக?" அழுகையை அடக்கினால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. "ஒன்னயக் கொண்டாடுறாக ஆத்தா, வெள்ளிக்கிழம இன்னும் முடியலயே" என்றேன்.

ஆகவே மச்சான், மழை பெய்தாலும் சரி, பெய்யாமல் போனாலும் சரி, ஓர் ஊரையே ஒரு வார்த்தையில் கத்தரி எடுக்க வைத்தவள் என் மகள். உங்கள் குடும்பத்தில் பெண் எடுத்த நாளிலிருந்து பூனைக்கும் பல்லிக்கும் பயந்து திரும்பித் திரும்பி வந்து உட்கார்ந்த ஆள் நான். அதையெல்லாம் தலைமுழுகிவிட்டேன். நீங்களும் விட்டுவிட்டால் மூட்டுவலிக்கு நல்லது.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் வீட்டுப் பல்லியிடமும் நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உமாதேவியின் அப்பா
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மலைப்பக்கம் இருட்டியது. இப்போது தகரம் பிய்ந்துபோகிற மாதிரி கொட்டுகிறது. ஊரில் யாருக்கும் ஒரு குலை சேதமில்லை. முத்துராஜா நனைந்துகொண்டே வந்து, "மாமா, ஒங்க மகளுக்குக் கோயில்ல மால போடணும்" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நம் தோட்டத்துப் பழம் மட்டும் அத்தனையும் பந்தலில் இருக்கிறது. புதன்கிழமை கத்தரியோடு படி இறங்கினேன், உங்கள் தங்கை "எங்கன கெளம்பிட்டீக" என்று கேட்டுவிட்டாள். திரும்பி வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டேன். வியாழன் பல்லி. இன்று காலை பூனை. குடையோடு போய்ப் பார்த்தேன், பழம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மாயக்காள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் பந்தலுக்கு அடியில் நின்று மகளுக்குப் போன் போட்டு, மழைச் சத்தம் கேட்கும்படி நீட்டிப் பிடித்தேன். சிரித்தாள் மச்சான், சின்னப் பிள்ளையில் சிரித்த மாதிரி. "நம்ம பழத்த வெட்டிட்டீகள்லப்பா?" என்று கேட்டாள். "ஊர்லயே மொத ஆளா வெட்டுனது நாந்தான் ஆத்தா" என்றேன். அவளிடம் நீங்கள் எதுவும் சொல்லிவிட வேண்டாம்.