உரமில்லாத பாத்தி

உரமே போடாத பாத்தியில் புல் இடுப்பளவு நின்றது. அதுதான் சிக்கல்.

பக்கத்தில், அளவாக உரம் போட்ட பாத்தி முழங்கால் உயரம். இரட்டிப்பாகப் போட்டது தொடை உயரம். உரம் போட்டால் மாட்டுத் தீவனம் எவ்வளவு கூடும், அதில் சத்து எவ்வளவு ஏறும் என்று பார்க்கத்தான் இரண்டு மாதமாக இந்தப் பாடு. பதினொரு மணிக்குப் பண்ணை அதிகாரி மேடம் வருவார். பயிரைப் பார்த்துவிட்டுத்தான், பண்ணையே 'அவசரம்' என்று கூப்பிடும் உதவியாளனின் வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்.

மணி பத்து பத்து.

அவசரத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. யூரியா தூவிய அன்று மனைவியோடு போனில் பேசிக்கொண்டே தூவினான். பாத்தி மாறிப்போயிருக்கும்!

போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, மேடம் வந்தாச்சா?"

"உன்னாலதான்டி இவ்வளவும்! வை போனை!"

"நான் என்னங்க பண்ணேன்?"

'உரம் இல்லை' பலகையைப் பிடுங்கி முழங்கால் பாத்தியில் நட்டான். அங்கிருந்த 'அளவு உரம்' பலகை இடுப்புப் பாத்திக்குப் போனது. தள்ளி நின்று பார்த்தான். இப்போது அளவு உரம், இரட்டிப்பு உரத்தை மிஞ்சி நின்றது!

மூன்று பலகையையுமே மாற்றியிருக்கலாம் என்று உறைப்பதற்குள் அரிவாளோடு இடுப்புப் பாத்திக்குள் இறங்கியிருந்தான். ஒரு பக்கம் குறைத்தால் மறுபக்கம் துருத்தியது. அதைக் குறைத்தால் இது. முடிவெட்டப் பழகுகிறவனிடம் தலையைக் கொடுத்த மாதிரி, கடைசியில் கணுக்கால் உயரம்தான் மிஞ்சியது.

அறுத்ததை மறைக்க வேண்டுமே! வாரிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினான். வழியில் ஒரு ரப்பர் குழாய் தடுக்கியது.

"மெதுவா போ தம்பி, குழா விலகிடப் போகுது!" கொட்டகை கழுவும் அக்கா கத்தினாள்.

புல்லை மாடுகளின் முன் கொட்டவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"எந்தப் பாத்திப் புல்லு இது?" மேடம் குனிந்து பார்த்தார். "மாடு தலையே தூக்க மாட்டேங்குது!"

"அது... அளவு உரம், மேடம்."

"அளவுக்கே இப்படியா? ஒரு பிடி எடு. புரதம் எவ்வளவுன்னு லேப்ல பாத்துடலாம். அந்தப் பாத்தி மண்ணையும் எடு."

மண்ணா! மண்ணைச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

"மேடம், மன்னிச்சிடுங்க! அது உரம் போடாத பாத்தி. நான்தான் யூரியாவை மாத்தித் தூவிட்டேன். பலகையை மாத்தினதும் நான்தான். அறுத்ததும் நான்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். மாடுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது.

கொட்டகை அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"தம்பி ஒழுங்காத்தாம்மா தூவுச்சு, அந்த ஒரு பாத்திக்கு மட்டும் ஒரு பிடிகூடப் போடல, பாக்க மனசு கேக்காம, கொட்டகை கழுவுற சாணித் தண்ணிய ரெண்டு மாசமா நான்தான் குழா வச்சு அதுக்கு விட்டுட்டு வர்றேன்!"