ஏழாவது வைன் பாரில் மிச்சம் கிடந்த துண்டு

2025 கார்த்திகை 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. இதுவரை போன வைன் பார்கள் ஏழு. இனிப் போக இருப்பவை பூச்சியம்.

ரூஜ், ஸ்காபரோ

ஒஷாவாவில் இருக்கும் என் மதிப்புக்குரிய பெரிய மாமா விநாயகமூர்த்தி அவர்களுக்கு மருமகன் அபிஷன் எழுதுவது. அம்மா சுகம், நான் சுகம், வானுக்கு மட்டும் பிரேக் மாற்ற வேண்டும். உங்கள் முழங்காலும் மாமியின் பிரஷரும் சொன்ன சொல் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தும் நீங்கள் பதில் போடுவதில்லை, ஆகவே தாளில் எழுதுகிறேன். தாளில் நீலக் குறி விழாது, இரண்டு பேருக்கும் நிம்மதி. விஷயம் நல்ல விஷயம்தான், பயப்படாமல் வாசியுங்கள்.

ஆவணியில் நடந்ததை அம்மா உங்களுக்கு அழுதழுது சொல்லியிருப்பா, அதில் பாதி பிழை. நடந்தது இதுதான். ஸ்டெபனியும் நானும் மூன்று வருடமாகப் பழகுகிறோம், அவளுடைய அப்பா நீக்கிலாஸ் அங்கிளிடம் ஒழுங்காகக் கேள் என்றாள். பெரியவர் ஒருவரோடு போவதுதான் முறை என்று முதலில் உங்களுக்குத்தான் போன் எடுத்தேன். "வேதக்கார வீட்டுக்கு நான் வரேல்லை, என்னை விடு" என்றீர்கள். விட்டேன். தனியாகப் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, சோபாவில் இருந்து, உங்கள் மகளைக் கட்ட விரும்புகிறேன், சம்மதமா என்று கேட்டேன். அங்கிள் யன்னலைப் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் இப்ப வேண்டாம் தம்பி என்றார். மாமா, நான் ஃபிரிஜ் திருத்துகிறவன். சுவிட்ச் ஒன்றில் ஓன், இல்லாவிட்டால் ஓஃப். வேண்டாம் என்றால் ஓஃப். சரி அங்கிள் என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வானின் எஞ்சின் கூட ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டெபனி இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தபோது, "உனக்கு ஒரு இடத்திலை இருக்கவே தெரியாதாம் எண்டு அப்பா சொல்லுறார். அவரோட எங்கையாவது போய் ஜஸ்ட் இரு" என்றாள். எங்கே போய் இருப்பது என்பதற்கும் பதில் வைத்திருந்தாள். அங்கிள் இருபத்தாறு வருடம் மிசிசாகாவில் வைன் போத்தலுக்கு லேபிள் ஒட்டும் மெஷினில் நின்று, இந்தக் கோடையில்தான் ஓய்வு எடுத்தவர். அந்தப் போத்தல்களை ஆட்கள் எங்கே இருந்து குடிக்கிறார்கள், கூட என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாளும் கண்டதில்லை. நகரத்தின் மிகச் சிறந்த வைன் பார்கள் என்று பேப்பரில் வந்த பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார். அதில் ஏழு. வெள்ளி எங்கள் வீட்டில் மரக்கறி, சனி புரட்டாதி விரதம், ஞாயிறு அவர்களுக்குச் சேர்ச்சில் பூசை, ஆகவே வியாழன். வான் ஓட்டுவது நான், ஆகவே எனக்குச் சோடா.

முதலாவது ஒசிங்டனில். மெழுகுதிரி வெளிச்சத்தில் மெனு தெரியவில்லை, நான் போனில் டோர்ச் அடித்தேன், பக்கத்து மேசை என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்யும் பெடியன் போத்தலைப் பிறந்த பிள்ளை மாதிரி ஏந்திவந்து லேபிளைக் காட்டினான், நீங்கள் கேட்டது இதுதானே என்று காட்டுவது அங்கே வழக்கமாம். அங்கிள் கண்ணாடியைப் போட்டு, லேபிளின் ஓரத்தைப் பெருவிரலால் தடவி, "ரெண்டு மில்லிமீற்றர் சரிவு" என்று தலையை ஆட்டினார். பெடியன் பிடிக்கவில்லையாக்கும் என்று கொண்டுபோய்விட்டான். அடுத்ததும் சரிவு. இதற்கிடையில் வைன் வைக்கும் ஃபிரிஜ்ஜின் கொம்பிரசர் மூச்சு விடாமல் ஓடுவது எனக்குக் கேட்டது. எழும்பிப் போய், கொயில் முழுக்கத் தூசி, பதின்மூன்று பாகையில் நிற்க வேண்டியது பதினெட்டில் நிற்கிறது என்று சொன்னேன். நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் மேசையில் ஒருவரும் வைனும் குடிக்கவில்லை.

இரண்டாவது டண்டாஸ் மேற்கில். அங்கே விலைகூடிய சாப்பாடு என்னவென்றால் தகரத்தில் அடைத்து வரும் ரின் மீன், மாமா. ரின்னைத் திறந்து, ரின்னோடயே மரப்பலகையில் வைத்துத் தருகிறார்கள். ஒவ்வொரு வியாழனும் எங்களோடு வந்த பேர்ணடெற் அன்ரி, அதாவது ஸ்டெபனியின் அம்மா, அதைப் பார்த்துவிட்டு, "நாட்டிலை இருந்து பார்க்டேலிலை வந்து இறங்கின காலத்திலை நாலு குடும்பம் ஒரு அறையிலை இருந்து இதைத்தான் திண்டனாங்கள். அப்ப ஒருத்தரும் எலுமிச்சங்காய் வெட்டி வைக்கேல்லை" என்றா. மூன்றாவதில் மாட்டெலும்பை நெடுக்காக அறுத்து, உள்ளே இருப்பதைக் கரண்டியால் வழித்துப் பாணில் பூசச் சொன்னார்கள். நாலாவதில் நீலம் பூத்த சீஸ். வேலைக்குப் போகும் வீட்டில் அதைக் கண்டால் முதலில் ஃபிரிஜ்ஜைக் கழுவுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

உண்மையான தலையிடி வேறு. எல்லா இடமும் சின்னச் சின்னத் தட்டு, ஒரு தட்டில் நாலு துண்டு, நாங்கள் மூன்று பேர். ஆளுக்கொன்று போக ஒன்று மிஞ்சும். அங்கிள் அதைத் தொடமாட்டார், அன்ரி தொடமாட்டா. பெடியன் வந்து இன்னும் ஏதும் கொண்டுவரவா என்பான். அங்கிள் வயிற்றைத் தடவி, நோ நோ, ஃபுல் என்பார். பெடியன் நம்பிக்கொண்டு போய்விடுவான். நானும் நம்பினேன். சாப்பாடு வீணாகக்கூடாது என்று ஆறு வியாழனும் அந்த மிச்சத் துண்டை நான்தான் தின்றேன். பிறகு திரும்பி வரும் வழியில் மார்க்கம் ரோட்டில் வானை நிறுத்தச் சொல்லி, ஃபுல் என்று சொன்ன அதே மனிதர் ஒரு பெரிய பெட்டி கொத்துரொட்டியைச் சீற் பெல்ட்டைக் கழற்றாமலே முடிப்பார். வைன் பார்ச் சாப்பாடு பிடிக்கவில்லை, கூட்டிப்போனவனையும் பிடிக்கவில்லை, ஏழாவதோடு ஸ்டெபனியும் இல்லை என்றுதான் போன வியாழன் வானை எடுத்தேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

ஏழாவது கிழக்குப் பக்கம், பத்து மேசை உள்ள சின்ன இடம். சமைப்பதும் நடத்துவதும் ஒரு போர்த்துக்கீசப் பெண்மணி, எங்கள் அம்மாவின் வயது. உள்ளியும் உருளைக்கிழங்கும் போட்ட கணவாய் வந்தது. ஒன்று மிஞ்சியது. அங்கிள் ஃபுல் என்றார். தட்டு உள்ளே போன வேகத்தில் அந்த மனிசி கரண்டியோடு வெளியே வந்து, ஏன் மிச்சம் என்று கேட்டா. வயிறு நிறைந்துவிட்டது என்றார் அங்கிள். இல்லை, நிறையவில்லை என்றா அவ. இன்னும் கொஞ்சம்? வேண்டாம். கொஞ்சம்போல? வேண்டாம். மூன்றாம் தரம் கேட்டுக்கொண்டே சட்டியைக் கொண்டுவந்து அங்கிளின் தட்டில் அள்ளிப் போட்டுவிட்டா. மாமா, அங்கிள் நாலு தட்டு சாப்பிட்டார். சிவப்பு வைனை லேபிளைத் தடவாமலே குடித்தார். அங்கேயும் ஃபிரிஜ் சத்தம் போட்டது. நான் எழும்பவில்லை.

"பாத்தனீரே தம்பி," என்றார் அங்கிள், "மூண்டு தரம் கேட்டவ."

முதல் தரமே ஓம் என்று சொல்லியிருந்தால் சாப்பாடு சூடாக வந்திருக்குமே என்றேன். அன்ரி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தா.

"நீர் ஒருக்காத்தானே கேட்டனீர்," என்றார் அங்கிள். "கேட்ட உடனை ஓம் எண்டு பெத்த பிள்ளையைத் தூக்கிக் குடுக்கிறதே? நான் வேண்டாம் எண்டன். திரும்பிப் பாத்தா நீர் சப்பாத்துப் போடுறீர்."

"நான் குசினிக்கை கேக் வெட்டிக்கொண்டு நிண்டனான்," என்றா அன்ரி. "தட்டோட வெளியிலை வந்தா ஆளைக் காணேல்லை. அந்தக் கேக்கை மூண்டு நாள் நாங்களே திண்டனாங்கள்."

அந்த இடத்திலேயே கேட்டேன். அங்கிள், ஸ்டெபனியைக் கட்டலாமா? இப்ப என்ன அவசரம் என்றார். என் கால் பழக்கத்தில் எழும்பப் பார்த்தது. அன்ரி மேசைக்குக் கீழே என் சப்பாத்தை நன்றாக மிதித்துக்கொண்டா. மறுபடி கேட்டேன், கட்டலாமா? தட்டில் கணவாய்த் துண்டு ஒன்று மிஞ்சிக் கிடந்தது. அங்கிள் அதை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் இன்னும் பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுதான் ஓம்," என்றா அன்ரி. "தின்னும்."

தின்றேன். ஆறு வியாழனும் நானாக எடுத்துத் தின்ற ஒரு துண்டுக்கும் அந்த ருசி இல்லை. அன்றைக்குப் படுத்தவன் அடுத்தநாள் வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன், மூன்று மாதத்துக்குப் பிறகு அப்படியொரு நித்திரை.

ஆகவே மாமா, தை பிறந்ததும் அவர்கள் வீட்டில் இரண்டு பக்கப் பெரியவர்களும் இருந்து கதைக்க வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் என் பக்கத்துப் பெரியவர் நீங்கள்தான். ஆவணியில் உங்களிடமும் ஒருக்காத்தான் கேட்டேன். அப்போது உங்கள் வேட்டி அயர்ன் பண்ணிக் கதவில் ஒரு கிழமையாகத் தொங்கினது என்று மாமி நேற்று அம்மாவிடம் சொன்னா. எனக்கு எப்படித் தெரியும்? இது இரண்டாம் தரம். வாருங்கோ மாமா.

இந்தச் சோலி இத்தோடு முடியட்டும். வைன் பார் வாசல் இனி மிதிக்கமாட்டேன். வேண்டாம் என்று நான் சொன்னால் அது வேண்டாம்தான், அதில் மாற்றமில்லை. உங்கள் ஆசியைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன். மாமிக்கு என் அன்பு, முழங்காலுக்கு என் மரியாதை.

உங்கள் மருமகன்,
அபிஷன்

பி.கு.: உறையை ஒட்ட முதல் நீக்கிலாஸ் அங்கிள் போன் எடுத்தார். பேப்பரில் புதுப் பக்கம் வந்திருக்காம், இன்னும் பத்து வைன் பார், போவமா தம்பி என்றார். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். வேண்டாம் என்றேன். இதை எழுதும்போது திரும்பவும் அடிக்கிறது. மேலே பூச்சியம் என்று எழுதியதை நீங்களே வெட்டிவிடுங்கள். இனி நான் செய்யப்போவது:

1. போனை எடுத்து, எந்த வியாழன் என்று கேட்பது.
2. வானுக்குப் பிரேக் மாற்றுவது.
3. வரும் ஞாயிறு ஒஷாவாவுக்கு வந்து உங்களிடம் நேரில் மூன்றாம் தரம் கேட்பது.
4. மாமி தேத்தண்ணி வேணுமோ என்றால் வேண்டாம் என்பது. மாமி தயவுசெய்து மறுபடி கேட்கவும்.
5. நீங்கள் என்ன சொன்னாலும் சப்பாத்தைத் தொடாமல் இருப்பது.