பதினொரு பவுணும் மூன்று தராசும்

தீர விசாரிப்பவர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கும் கட்டாயம் ஒருவரைத் தெரிந்திருக்கும். ஒரு கறிச்சட்டி வாங்கப் போனாலும் அடியைத் தட்டிப் பார்த்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, கைப்பிடியின் ஆணியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, இது எந்த நாட்டு இரும்பு என்று கடைப் பெண்ணைக் குடைந்து, வீட்டுக்கு வந்து அதே சட்டியைப் பற்றிக் கணினியில் நானூறு பேர் எழுதியதை வாசித்து, நல்லதென்று எழுதிய முந்நூற்றுத் தொண்ணூறு பேரையும் கம்பனிக்காரனின் மச்சான்மார் என்று தள்ளிவிட்டு, மிச்சப் பத்துப் பேரை மட்டும் நம்புவார். சட்டி வாங்கமாட்டார். தப்பித்தவறி வாங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். ரசீதைக் கசங்காமல் வைத்திருப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் வசிக்கும் எமிலியானுஸ் இந்த இனத்தின் கலப்பில்லாத வித்து. ஒரு வருடம் பனிக்கால டயர் வாங்குவதற்கு அவர் ஐப்பசியில் விசாரிக்கத் தொடங்கினார். எந்த டயர் என்று முடிவாகியபோது சித்திரை பிறந்து, பக்கத்து வீட்டுக்காரர் அரைக்காற்சட்டையோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார். எமிலியானுஸ் அதற்காக வருந்தியவரா? கிடையாது. "அவசரப்பட்டிருந்தா பிழையான டயரெல்லோ வாங்கியிருப்பன்" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வேட்டை ஆசை வந்தது. வரக் காரணம் ஜெராட் அண்ணை. பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிறார், கோயிலில் பாட்டுக்குழு நடத்துகிறார், கார்த்திகை பிறந்தால் துவக்கைத் தூக்கிக்கொண்டு மான் சுடக் காட்டுக்குப் போய்விடுகிறார். அவரைப் பார்த்து எமிலியானுஸும் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, துவக்கும் வாங்கினார். துவக்குத் தெரிவு செய்ய மூன்று வருடம் எடுத்ததை நான் விவரிக்கப்போவதில்லை, உங்களுக்கும் வேலை இருக்கும்.

அத்தோடு நின்றிருக்கலாம். புரட்டாதி மாதம் கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு விருந்தில் யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். தீர விசாரிப்பவரிடம் ஒருபோதும் மைக்கைக் கொடுக்காதீர்கள். மைக் பிடித்தவுடன் அவர் விசாரிக்காமலே பேசிவிடுவார். "வாற கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை எங்கட கலியாணத்தின்ர முப்பதாவது வருஷம். பூசை முடிய எல்லாரும் இஞ்சை சாப்பிட வாங்கோ. மான் இறைச்சிக் கறி! நான் சுட்ட மான். அதுவும் நானே அடைச்ச தோட்டாவால சுட்டது!" அறுபது பேர் கை தட்டினார்கள். மனைவி யோசெப்பின் மட்டும் தட்டவில்லை. அவர் அந்த டயர் வருடத்தையும் கண்டவர்.

தோட்டா அடைப்பதென்றால் வேறொன்றுமில்லை, சுட்டு முடிந்த வெற்றுக் கோதுக்குள் வெடிமருந்தை அளந்து போட்டு, குண்டைச் செருகி இறுக்குகிற வேலை. மருந்து கூடிவிட்டால் துவக்கு முகத்தில் வெடிக்கும். குறைந்துவிட்டால் குண்டு குழாய்க்குள்ளேயே குந்திவிடும். ஆகவே ஒரு கடுகளவும் பிசகாத தராசு வேண்டும் என்றார் எமிலியானுஸ். நூற்றுக்கு நூறு சரி. இந்த இனத்தாரின் ஆபத்தே அதுதான், தொடக்கத்தில் அவர்கள் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும்.

"தம்பி எமில், என்னட்டை இருக்கிறது கோல் தராசு" என்றார் ஜெராட் அண்ணை. "கராஜ் சேலில வாங்கி இருவது வருஷம். நீ புதுசா வாங்கினா பெட்டியோட படிக்கல் வரும். அதை வைச்சுப் பார். சரியெண்டா வேலையைத் தொடங்கு."

"அதெப்பிடி அண்ணை? தராசும் கம்பனிக்காரன்ர, படிக்கல்லும் அவன்ர. அவன் செய்ததுக்கு அவனையே சாட்சி கேக்கிறதே?"

ஜெராட் அண்ணை எழும்பிவிட்டார். அவருக்குக் காட்டுக்குப் போக மூட்டை கட்டுகிற வேலை இருந்தது.

வேட்டைக் காலம் மொத்தமே பதினாறு நாள். அது தொடங்குவதற்கு முதல் நாள் முதலாவது தராசு வந்தது. பற்றரியில் வேலை செய்கிற சிறிய தராசு, நூறு கிராம் வரை நிறுக்கும். எமிலியானுஸ் அதைப் பேஸ்மென்ட் மேசையில் வைத்து, மட்டம் பார்த்து, காற்றுப் பட்டால் எண் ஆடும் என்று வீட்டுச் சூடாக்கியை நிறுத்தினார். கார்த்திகை மாதத்து மொன்றியலில்! யோசெப்பின் பனிச் சட்டை போட்டுக்கொண்டு பருப்பு தாளித்தார். மேலே யாரும் நடக்கக்கூடாது, தொலைபேசி அடிக்கக்கூடாது, ரயில் போகிற சத்தம் கேட்டால் அவர் கையை உயர்த்துவார், அது போய் முடியும் வரை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாகப் பெட்டியோடு வந்த படிக்கல்லை வைத்தார். தராசு அட்சரம் பிசகாமல் காட்டியது. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

கம்பனிக்குச் சொந்தமில்லாத, ஆனால் எடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். நாணயம் தேய்ந்திருக்கும். சீனிப் பைக்காரன் ஏமாற்றுவான். அந்த வீட்டில் ஐயத்துக்கு இடமில்லாத எடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: யோசெப்பினின் தாலிக்கொடி. பதினொரு பவுண்.

இந்தப் பதினொரு பவுணைப் பற்றிச் சொல்லாவிட்டால் எமிலியானுஸைப் பற்றிச் சொன்னதாகாது. எங்கள் ஆட்களில் தாலிக்கொடி செய்து கொண்டுவருவது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு முன் எமிலியானுஸ் இங்கே பாத்திரம் கழுவி உழைத்ததை அனுப்ப, அவருடைய தமையன் அன்டன் கொழும்பில் கொடியைச் செய்வித்து வைத்திருந்தார். எமிலியானுஸ் போய் இறங்கிக் கட்டினார். அன்றிலிருந்து வீட்டில் எந்த வழக்கு எழுந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். குப்பை ஏன் வெளியே வைக்கவில்லை? "பதினொரு பவுண் போட்டுக் கட்டினனான்." யோசெப்பினின் தம்பி விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் காத்து நின்றானே? "பதினொரு பவுண்." மகள் மெலனி இந்த வசனத்தைத்தான் வீட்டில் முதலில் முழுதாகப் பாடமாக்கினாள்.

"இஞ்சேரும், உம்மட கொடியை ஒருக்காத் தாரும்."

"என்னத்துக்கப்பா?"

"தராசைப் பாக்க."

"அதை எதுக்கு இப்ப நிறுக்கிறியள்? பூசைக்குப் போடவெண்டு இப்பதானே வங்கியிலயிருந்து எடுத்தனான்."

"தாருமப்பா, தேஞ்சே போகப்போகுது?"

கொடியைச் சுருட்டித் தட்டில் வைத்தார். எண்பது கிராம். பவுணுக்கு எட்டுக் கிராம். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பத்து! எமிலியானுஸ் சிரித்தே விட்டார். யாராவது பத்துப் பவுணில் கொடி செய்வார்களா? ஏழில் செய்வார்கள், ஒன்பதில் செய்வார்கள், வசதி இருந்தால் பதினொன்றில் செய்வார்கள். இரட்டைப்படையில் தாலிக்கொடி செய்த மாப்பிள்ளை வீடு எங்கேயாவது உண்டா? இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா? தராசு பழுது. ரசீது எங்கே?

கடைக்காரப் பிள்ளைக்கு அவர் தமக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினார்: இது என் மனைவியின் கலியாணச் சங்கிலி, பதினொன்று இருக்கவேண்டும், உங்கள் தராசு பத்துக் காட்டுகிறது. அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் சங்கிலி பத்தாக இருக்குமோ, முசியே?" என்றது. எமிலியானுஸ் இரக்கத்தோடு புன்னகைத்தார். பாவம், தாலிக்கொடியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

இரண்டாவது தராசு ஆறாம் நாள் வந்தது. எண்பது கிராம். மூன்றாவது ஆய்வுகூடங்களில் வைக்கிற சாதி, சுற்றிவரக் கண்ணாடிக் கூடு, தபாலில் வந்து சேரப் பன்னிரண்டாம் நாள் ஆகிவிட்டது. எண்பது. எமிலியானுஸ் மூன்று கம்பனிகளும் ஒரே தொழிற்சாலையில்தான் செய்விக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

"பப்பா, மூண்டும் பத்தெண்டு சொன்னா பத்துத்தானே?" என்றாள் மெலனி.

"பிள்ளை, மூண்டு பேர் சேந்து பொய் சொன்னா உண்மையாயிடுமோ?"

யோசெப்பின் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறுது என்றுவிட்டுப் போய்விட்டார்.

பதினான்காம் நாள் ஜெராட் அண்ணை காட்டிலிருந்து தொலைபேசி எடுத்தார். "தம்பி, நான் ஒரு மான் விழுத்திட்டன். நீ எப்ப வாறாய்? ஞாயிற்றுக்கிழமையோட முடியுது."

"தராசு இன்னும் சரிவரேல்லை அண்ணை."

"அப்ப கடையில அடைச்ச தோட்டாவை வாங்கிக்கொண்டு வாவனடா!"

"அதுக்குள்ள அவன் எவ்வளவு மருந்து போட்டிருக்கிறானெண்டு ஆருக்குத் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேட்டைக் காலம் முடிந்தது. எமிலியானுஸ் பேஸ்மென்டில் ஒரு தோட்டாவும் அடைக்காமல், மூன்றாவது தராசின் கண்ணாடிக்குள்ளே கொடியைப் பார்த்தபடி இருந்தார். அறுபது பேருக்குச் சொன்ன சொல் போய்விட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதைவிடப் பெரிய கிலி ஒன்றும் மெல்லப் பிடித்தது. தராசுகள் சரியாக இருந்துவிட்டால்? குப்பைக்கும் விமான நிலையத்துக்கும் முப்பது வருடமாகச் சொன்ன பதில் என்னாவது?

சனிக்கிழமை காலை யோசெப்பின் கூறைச்சேலை கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மண்டபத்துக்கு ஆட்டு இறைச்சி சொல்லியாகிவிட்டது. ஜெராட் அண்ணை ஒரு மான் தொடை தந்திருந்தார், இலைக்கு இரண்டு துண்டு வரும். எமிலியானுஸ் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். கழுத்தில் கொளுவவில்லை.

"இஞ்சேரும், இது பத்துத்தான் போல கிடக்கு" என்றார்.

"பத்துத்தான்" என்றார் யோசெப்பின், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"உமக்குத் தெரியுமோ!"

"கலியாணம் முடிஞ்ச மற்ற நாளே எங்கட அப்பா தெரிஞ்ச நகைப் பத்தரிட்டைக் கொண்டுபோய் நிறுத்தவர். ஒரு பவுண் காசை எடுக்க அன்டன் அண்ணைக்கு அந்த நேரம் என்ன அந்தரமான தேவையோ, பாவம். அப்பாதான் ஆரிட்டையும் சொல்லாதை பிள்ளை எண்டவர். பவுண் குறைஞ்சாலும் பெடியனிலை குறையில்லை எண்டு சொன்னவர்."

"நான் பதினொண்டு பதினொண்டு எண்டு கத்தினனே. ஏனப்பா ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் என்ன குப்பையை வெளியில வைச்சிருப்பியளே?"

எமிலியானுஸுக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. முப்பது வருடமாக ஒரு மனுசி ஒரு பவுணைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காத்திருக்கிறாள். முன்பின் தெரியாத தன்னை ஒரு மனிதர் ஒரே தரம் நிறுத்துப் பார்த்து, போதும் என்று விட்டிருக்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தழுதழுத்த குரலில் அவர் கேட்டார்:

"மாமா எந்தத் தராசில நிறுத்தவர்?"

"முதல்ல கொடியைக் கொளுவுங்கோ" என்றார் யோசெப்பின். "பூசைக்கு நேரமாச்சுது."

கொளுவினார். திங்கட்கிழமை கடைக்கும் போனார், மூன்று தராசுகளும் சரி என்று தெரிந்துவிட்ட நிலையில் அவற்றுள் எது கூடச் சரி என்று விசாரிப்பதற்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லாகச் சிரியுங்கள். உங்கள் குளியலறையிலும் ஒரு தராசு கிடக்கிறதல்லவா? இன்று காலை அதில் ஏறினீர்கள். எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கினீர்கள். நிலம் மட்டமில்லை என்று அரை அடி தள்ளிவைத்து மறுபடி ஏறினீர்கள். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றாந்தரமும் ஏறி, இது பழுதாய்ப்போன தராசு என்று வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள். அதுசரி, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?