முதலில் கை தூக்கியவன் எழுதுவது

சோணகிரி மருத்துவக் கல்லூரி டீன், மதிப்பிற்குரிய டாக்டர் சந்திரகலா அம்மா அவர்களுக்கு,

அடி அண்ணாமலையிலிருந்து, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற தருமன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பேராசிரியர்களும் மாணவ மாணவியரும் சுகமாக இருக்க அண்ணாமலையார் அருள வேண்டும். நானும் சுகம்தான். ஆனால் அதை இந்த ஊரில் ஒருவரும் நம்ப மறுக்கிறார்கள்.

சென்ற மாதம் கல்லூரி விழாவில், இன்னும் இருபது வருஷத்தில் இந்தக் கல்லூரி எப்படி இருக்க வேண்டும் என்று தாங்கள் பேசினீர்கள். நான் மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க வந்தவன். நாற்காலி காலியாக இருந்ததால் உட்கார்ந்தேன். பாடம் சொல்வது, ஆராய்ச்சி, சேவை என்று மூன்றையும் சொல்லிவிட்டு, "இதெல்லாம் எங்க ஆரம்பிக்குது தெரியுங்களா? அனாட்டமி ஹால்ல. உடம்பைத் தானமா குடுக்கறவங்கதான் எங்க பிள்ளைங்களுக்கு முதல் ஆசிரியர். அவங்கதான் எங்களுக்குக் கம்மியா இருக்காங்க" என்றீர்கள். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட என்னை இதுவரை யாரம்மா ஆசிரியர் என்று சொல்லியிருக்கிறார்கள்? கை தானாகத் தூக்கிக்கொண்டது. தாங்களே மேடையிலிருந்து இறங்கி வந்து சால்வை போர்த்தினீர்கள். அங்கேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அடியில் மனைவி கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. முப்பது நாளைக்குள் வாங்கித் தரச் சொன்னார்கள். அந்தக் கோட்டில்தான் அம்மா நான் மாட்டிக்கொண்டேன்.

சால்வையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி ஜோதியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. விஷயத்தைச் சொன்னேன். "உசுரோட இருக்கறப்ப ஒரு தேங்கா உரிச்சிக் குடுத்ததில்ல. செத்தப்புறம் காலேஜிக்கு ஒதவப் போறாராம்!" என்று உள்ளே போனவள்தான், அதற்குப் பிறகு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாண்ணா, டாக்டருங்க எத்தினி நாளு சொல்லியிருக்காங்க?" என்று அழுதாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "தைரியமானவங்க அப்பிடித்தாண்ணா சொல்லுவாங்க" என்று இன்னும் ஜாஸ்தியாக அழுதாள். பௌர்ணமிக்குள் செய்தி கிரிவலப் பாதை முழுக்கப் பரவிவிட்டது. இளநீர்க் கடைக்காரர் அத்தனை கூட்டத்திலும் என்னை முன்னால் கூப்பிட்டு, நல்ல வழுக்கையாகப் பார்த்து வெட்டித் தந்தார். அதை மட்டும் நான் மறுக்கவில்லை.

இதற்கு நடுவில், வரப்போகிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கல்லூரிக்கு வந்தேன். அனாட்டமி ஹால் வாசலில் அட்டெண்டர் மணிவேல் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "யாரையும் இல்லப்பா. நான் இங்க வரப்போற ஆளு. எந்த டேபிள்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப இன்னா பெரியவரே அவசரம்? டைம் ஆவட்டும், நாங்களே வந்து கூட்டிக்கிறோம்" என்றார். முப்பத்தொரு வருஷம் செங்கம், போளூர், வேட்டவலம் பஸ்ஸுக்கெல்லாம் டைம் சொல்லி அனுப்பிய எனக்கே டைம் சொல்கிறார்! இருந்தாலும் நல்ல மனிதர், உள்ளே விட்டார். ஜன்னல் ஓரத்தில் ஒரு டேபிள் காலியாக இருந்தது. பக்கத்தில் நின்றால் மலை தெரிகிறது. படுத்தால் தெரியுமா என்று சந்தேகம் வந்தது. மணிவேல் போன் பேச வெளியே போன சமயம் ஏறிப் படுத்துப் பார்த்தேன்; உச்சி நன்றாகவே தெரிகிறது. அந்த நேரம் பார்த்தா முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் உள்ளே வர வேண்டும்? படுத்தபடியே இருப்பது மரியாதையாகாது என்று எழுந்து உட்கார்ந்து, வணக்கம் என்று கும்பிட்டேன்.

எத்தனை பேர் ஓடினார்கள் என்பது மணிவேலுக்குத்தான் தெரியும். ஓடாமல் நின்றது மதிவதனி என்கிற ஒரே ஒரு பெண். கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்த்து, "பல்ஸ் நார்மலாதான் இருக்குதுங்க ஐயா. இறங்குங்க" என்றாள். அவளிடம் வீட்டுக் கதையைச் சொன்னேன். "நான் வந்து அம்மாகிட்ட பேசறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பாடம் தொடங்கும் முன் தானமாக வந்த உடம்பைச் சுற்றி நின்று, பூ வைத்து, உறுதிமொழி எடுப்போம் என்று அந்தப் பிள்ளை அழகாகச் சொன்னது. ஜோதியம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "இவரு பேரு சொல்லுவீங்களா?" மதிவதனிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பேரு எங்களுக்கே தெரியாதும்மா. நம்பர்தான்." "நாப்பத்திரண்டு வருசமா நான்தான் பேரு சொல்லாம கூப்புட்டுனு இருக்கேன். அங்க போயும் பேரில்லாம கெடக்கணுமா?" என்று எழுந்து போய்விட்டாள்.

நாளையோடு முப்பது நாள் முடிகிறது. ஒரு கோட்டின் மேல் கையெழுத்துப் போட எத்தனை நிமிஷம் ஆகும் அம்மா? இவளுக்கு ஒரு மாதம் போதவில்லை. இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரியால் தங்கள் இருபது வருஷத் திட்டம் தடைப்படுவதை நினைத்து வெட்கப்படுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு உபயோகமாக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன், கொடுத்து வைக்கவில்லை. என் பெயரை அடித்துவிடுங்கள். சால்வையைத் துவைத்து அனுப்புகிறேன்.

தங்கள் கல்லூரி மேன்மேலும் வளர்ந்து, அங்கே படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் கைராசிக்காரர்கள் என்று பெயர் எடுக்க வாழ்த்தும்,
தருமன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். கவரை ஒட்டும் முன் ஜோதியம்மாள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் படிவத்தை எடுத்து, கோட்டின் மேல் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள். "அத்தினி புள்ளைங்க பூ வெச்சிக் கும்புடுதுங்கன்னா, பேரு இல்லாட்டி போவுது. ஆனா உங்கள அங்க தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள். எனக்குத் தெரியாமல் மதிவதனியிடம் இன்னொரு படிவம் வாங்கி, தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். அதில் கணவன் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. காலையில் நீட்டினாள், இப்போது மணி நாலாகிறது. பேனா நன்றாகத்தான் எழுதுகிறது, எனக்குத்தான் கை வரவில்லை. எனக்கும் முப்பது நாள் அவகாசம் உண்டா அம்மா?