உட்காரும் உரிமை பற்றி நான் ஆற்றிய உரை

கூட்டத்துக்கு ஆள் வராமல் போவதுதான் பெரிய அவமானம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் வந்த கூட்டத்தை அவர்கள் நடத்திப் பார்த்ததில்லை. ஆள் வராவிட்டால் பழியை மழை மீதோ மக்கள் மீதோ போட்டுவிடலாம். வந்துவிட்டால் அந்த வசதி கிடையாது.

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் ஒரு சோஷலிச வாசிப்பு வட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பேர். ஞாயிறு மாலை தண்ணீர்த் தொட்டி நிழலில் கூடுவோம். உலகத்தின் எந்த மூலையில் எந்தத் தொழிலாளி எதற்காகப் போராடினாலும் எங்களிடம் அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. (பெரும்பாலும் இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றொன்று தோழர் பாஸ்கரனுடையது.) பாஸ்கரன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் எதைச் சொன்னாலும் "ஒரு சின்னத் திருத்தம், தோழர்" என்று ஆரம்பிப்பார். திருத்தம் முடிவதற்குள் காபி ஆறி ஆடை கட்டியிருக்கும்.

எங்கள் வட்டத்தில் எல்லாம் இருந்தது, ஒரு தொழிலாளியைத் தவிர. தேனாம்பேட்டையில் ஏசி அலுவலகத்தில் வேலை பார்க்கும் என்னையே தொழிலாளியாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை முன்மொழிந்தேன். அதற்கும் ஒரு திருத்தம் வந்தது.

என் மனைவி ஸ்டெல்லா மயிலாப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "பசங்களே இல்லாம கிளாஸ் எடுக்கற மாதிரி இருக்குங்க நீங்க பண்றது" என்றாள் ஒருநாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெனைச்சுப் பாத்தா அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்தக் குறை தியாகராய நகரில் தீர்ந்தது. அவளுடைய சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். புடவைக் கடைகளில் கணவர்களுக்கென்று ஒரு சோபா போட்டிருப்பார்கள். பைகளை மடியில் வைத்துக்கொண்டு அதில் அமர்ந்திருந்தேன். எதிரே செல்வி என்ற பெண்மணி நின்றபடியே புடவைகளைப் பிரித்து விரித்து மடித்து மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், தென்காசிப் பக்கத்துப் பேச்சு. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே வந்திருந்த சமயம் அது. எனக்குள் ஏதோ எரிந்தது. சோபாவிலிருந்து எழுந்துபோய், உட்கார ஸ்டூல் கொடுத்திருக்கிறார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். செல்வி மாடி மேற்பார்வையாளர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டெல்லாவிடம் பச்சையில் வேறு பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

நான் திரும்பவும் சோபாவில் உட்கார்ந்தேன். (அது மிக நல்ல சோபா.)

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஸ்டெல்லாவால் நடந்தது. பில் போடும் இடத்தில் அவளும் செல்வியும் எண்களை மாற்றிக்கொண்டார்கள். பல நாள் பேசினார்கள். செல்வியும் அவருடன் வேலை செய்யும் பெண்களும் மாம்பலத்தில் ஒரு விடுதியில் தங்கியிருப்பது தெரிந்தது. கடை மூடி வர இரவு வெகுநேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் அதிகம், நிற்க இடமிருக்காது. ஆகவே ஒரு வாரநாளில், காலை வேலைக்குப் போகும் முன், எங்கள் வீட்டுக்கு வந்து பேசுவதாக முடிவாயிற்று. விடுதிக் காப்பாளர் அம்மாவிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார்கள். கடையில் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. டீச்சர் கூப்பிட்டதால்தான் வருகிறோம் என்று செல்வி தெளிவாகச் சொன்னாராம். ஸ்டெல்லா அதை என்னிடம் சொன்னபோது, வரலாறு எங்கள் மொட்டைமாடிக்கு வருகிறது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

வட்டம் அவசரமாகக் கூடியது. ஒரே பொருள்: நாற்காலிகளை எப்படிப் போடுவது. வரிசையாகப் போட்டால் மேடை, கீழ் என்று ஒரு படிநிலை உருவாகிவிடும், ஆகவே வட்டமாகத்தான் போட வேண்டும் என்றேன் நான். வட்டமாகப் போட்டால் பாதிப்பேருக்கு முகத்தில் வெயில் அடிக்கும், அரைவட்டமே அறிவியல்பூர்வமானது என்றார் பாஸ்கரன். அரைவட்டத்துக்கு நடுவில் ஒரு தலைவர் தானாக முளைத்துவிடுவார் என்று நான் எச்சரித்தேன். இரண்டு மணி நேரம் போராடி முக்கால் வட்டம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அவ்வளவு ஒற்றுமையை எங்கள் வட்டம் அதற்கு முன் கண்டதில்லை. கை குலுக்கிக்கொண்டு பிரிந்தோம்.

அன்று காலை மாடிக்குப் போனேன். வெயில் தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் முந்தின நாள்தான் தளம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார். காலை வைத்தால் செருப்பில் ஒட்டியது. பாஸ்கரன் எனக்கு முன்பே வந்து, பரந்து விரிந்த அந்த வெள்ளைப் பரப்பின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். வேலைநாள் என்பதால் வட்டத்தின் மற்றவர்கள் வரவில்லை.

நாற்காலிகள் எங்கே தோழர் என்று கேட்டேன். அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்க நினைத்ததாகச் சொன்னார்.

"நீங்கதானே ஏற்பாடு பண்றதா சொன்னீங்க?" என்றேன்.

"நான் வடிவத்துக்குத்தான் பொறுப்பு எடுத்துக்கிட்டேன், தோழர்" என்றார் பாஸ்கரன்.

தெருமுனையில் சாமியானாக் கடை வைத்திருக்கும் மணிக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"இன்னா சார், காலைல போன் பண்ணி காலைலயே சேர் கேக்குற" என்றார் மணி. "அல்லா சேரும் வடபழனில கல்யாணத்துல கீது. பந்தி ஓடிக்கினு கீது. துன்னுகினு இருக்குறவன எழுப்பிட்டா எடுத்தாரச் சொல்ற?"

போனை வைக்கும்போதே படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. அவர்கள் வந்துவிட்டார்கள். இருபது பெண்களுக்குக் குறையாது. எல்லாரும் கிளிப்பச்சையில் கடைச் சீருடைப் புடவை, தலையில் பூ. விடுதியில் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று வழியில் நிஜமாகவே பிள்ளையார் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார்கள். கீழே உட்கார்ந்தால் புடவையில் சுண்ணாம்பு ஒட்டும். அந்தப் புடவையோடுதான் நேராகக் கடைக்குப் போக வேண்டும். ஆகவே நின்றார்கள்.

ஸ்டெல்லா என்னைத் தனியே அழைத்து, எல்லாரையும் கீழே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றாள். நான் மறுத்தேன். பொதுக்கூட்டம் என்பது திறந்த வெளியில் நடப்பது, வீட்டுக்குள் நடந்தால் அதற்குப் பெயர் விருந்து என்று விளக்கினேன். சரி, சாப்பாட்டு மேஜையின் நான்கு நாற்காலிகளையாவது எடுத்து வரட்டுமா என்றாள்.

"நாலு பேர் உக்காந்து மத்தவங்க நின்னா அது என்ன சமத்துவம், ஸ்டெல்லா?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரும்பலகையில் ஏழும் ஐந்தும் பதினாலு என்று எழுதிவிட்டுப் பெருமையோடு திரும்பி நிற்கும் பையனைப் பார்ப்பது போல. பிறகு டீ போடக் கீழே போய்விட்டாள்.

ஒரே ஒரு நாற்காலியை மட்டும் நானே எடுத்து வந்தேன். பேனர் கட்டுவதற்கு. 'உட்காரும் உரிமை' என்று சிவப்பில் எழுதி இரண்டு பக்கமும் உயர்த்திய கை போட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் அதைக் கட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி மேல் நின்றதில் கடைசி வரிசைப் பெண்கள் வரை எனக்கு நன்றாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கும் நான் நன்றாகத் தெரிந்திருப்பேன். இறங்குவானேன் என்று தோன்றியது.

நாற்காலி மேல் நின்றபடியே பேச ஆரம்பித்தேன்.

நல்ல உரை அது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நிற்பதன் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். மன்னன் அமர்ந்தான், குடிமக்கள் நின்றார்கள் என்றேன். முதலாளி அமர்ந்தான், தொழிலாளி நின்றான் என்றேன். நின்றுகொண்டே இருப்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது, இடுப்பு வலி, கர்ப்பப்பைத் தொந்தரவு எல்லாவற்றையும் படித்துத் தயாரித்து வைத்திருந்தேன். பெண்கள் முதுகை நேராக வைத்து, கைகளை முன்னால் கோத்து, இதமான புன்னகையோடு கேட்டார்கள். இப்படிக் கவனிக்கும் கூட்டம் கிடைப்பது அரிது என்று எண்ணிப் பூரித்தேன். (அது, வாங்காமல் போகப் போகிற வாடிக்கையாளரிடம் நாள் முழுக்கக் காட்டும் புன்னகை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.) வெயில் ஏறியது. வெள்ளைத் தளம் அதைத் திருப்பி அவர்கள் முகத்தில் அடித்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்கள். உணர்ச்சி பொங்குகிறது என்று நான் குரலை உயர்த்தினேன். நடுவில் பாஸ்கரன் ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தார். அதற்கும் நின்றார்கள்.

"ஒரு மனிதன் உட்கார்வது சோம்பேறித்தனம் அல்ல, அது அவனுடைய கண்ணியம்" என்று வானத்தை நோக்கி விரலை நீட்டியபோது, முன்னால் நின்ற செல்வி மெதுவாகக் கையைத் தூக்கினார். கேள்வி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. சொல்லுங்கள் தோழர் என்றேன்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றார் செல்வி. "நீங்க கொஞ்சம் எறங்குனீங்கன்னா அந்தச் சேர்ல மாரிய உக்கார வச்சிருவோம். பிள்ளைக்குத் தலைசுத்திட்டு வருது."

அவருக்குப் பின்னால் மாரி என்ற சின்னப் பெண், உதடு வெளுத்து, தோழியின் தோளில் சாய்ந்திருந்தாள்.

நான் இறங்கினேன். ஒரு நாற்காலியிலிருந்து தரைக்கு அவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் செருப்பின் சுண்ணாம்புத் தடம் அந்த இருக்கையில் பளிச்சென்று பதிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன், போகவில்லை. செல்வி தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன் மேல் விரித்தார். மாரி உட்கார்ந்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

டீத் தட்டோடு மேலே வந்த ஸ்டெல்லா முதலில் மாரியைப் பார்த்தாள், பிறகு பேனரை, பிறகு என்னை. எல்லாரும் கீழே வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். கிளிப்பச்சை மொத்தமும் அவள் பின்னால் இறங்கிப் போயிற்று.

எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு அறை. கட்டில், சோபா, மேஜை, அலமாரிக்கு அடியில் உள்ள திட்டு, துணி துவைக்கும் மிஷின், எங்கெல்லாம் உட்கார முடியுமோ அங்கெல்லாம் உட்கார்ந்தார்கள். மாரியைப் படுக்கவைத்து மோரும் உப்பும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டாள். எனக்கும் பாஸ்கரனுக்கும் உள்ளே இடமில்லை. படிக்கட்டில் நின்று டீ குடித்தோம்.

உள்ளே பேச்சு ஓடியது. கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். ஆனால் ஒவ்வொன்றின் மேலும் புடவை மூட்டையை அடுக்கிவிட்டு, மூட்டை வைக்க வேறு இடமில்லை என்கிறார்களாம். செல்வி மேற்பார்வையாளர் போலப் பேசிக் காட்ட, வீடே சிரித்தது. தனித்தனியாகக் கேட்டால் திட்டு விழும், ஒரு மாடி முழுக்கச் சேர்ந்து கேட்டால் என்ன செய்வார்கள் என்று ஸ்டெல்லா கேட்டாள். என் உரையின் கடைசிப் பகுதியில் நான் சொல்ல வைத்திருந்ததும் ஏறக்குறைய அதுதான். வாசலிலிருந்து அதைச் சொல்லலாமா என்று பாஸ்கரனைப் பார்த்தேன். வேண்டாம் தோழர் என்று தலையாட்டினார். அவர் எனக்குக் கொண்டுவந்த திருத்தங்களிலேயே சரியானது அதுதான்.

மூட்டைகள் இறங்கத்தான் செய்தன. உடனே அல்ல, எல்லா மாடியிலும் அல்ல. செல்வியின் மாடியில், மத்தியானம் கூட்டம் குறையும் நேரத்தில் மட்டும். அவர்கள் சேர்ந்து போய்க் கேட்டார்கள், கிடைத்தது. அதன் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்து பேசினார்கள், இன்றும் வருகிறார்கள். வட்டத்தின் பொறுப்பாளர் இப்போது ஸ்டெல்லா. எனக்கு நாற்காலிப் பொறுப்பு என்று தீர்மானம் நிறைவேறியது. 'குடிநீரும்' என்று பாஸ்கரன் ஒரு திருத்தம் சேர்த்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் வானத்தை நோக்கி விரல் நீட்டிய நேரத்தில் ஒரு பெண் போனில் படம் எடுத்திருந்தாள். மேலே பேனர், நாற்காலி மேல் நான், சுற்றிலும் நின்றுகொண்டிருக்கும் பெண்கள். அவள் அதை மரியாதையாகத்தான் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினாள். ஸ்டெல்லா அதை எந்த மரியாதையும் இல்லாமல் தன் குடும்பக் குழுவில் போட்டாள்.

அவளுடைய தம்பி கல்யாண வரவேற்பில், பங்குக் கோயில் மண்டபத்தில், என்னை இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் முன்வரிசையிலிருந்து என் மாமியார் குரல் கேட்டது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, விளையாட்டாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை, நாங்கள்லாம் உக்காந்தாச்சு. நீங்க ஆரம்பிக்கலாம்."

மண்டபத்தில் பாதி குலுங்கிச் சிரித்தது. பெண் வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்ணின் தகப்பனார் மட்டும், எனக்கு ஏதோ கால் வலி போலிருக்கிறது என்று நினைத்து, தம் நாற்காலியை மேடைக்குத் தூக்கி வந்து போட்டார். நான் அதில் உட்கார்ந்துகொண்டு வாழ்த்தினேன். இப்போது அந்தக் குடும்பத்துக்கும் கதை தெரியும்.

இரண்டு வீட்டிலும் யாராவது நீளமாக அறிவுரை சொல்ல ஆரம்பித்தால், "ஏறியாச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. போன வாரம் என் மகள் பரீட்சைக்குப் படிக்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். உழைப்பு என்றால் என்ன, நேரம் என்றால் என்ன என்று அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். நல்ல தொடக்கம் அது. மூன்றாவது கருத்துக்கு வருவதற்குள் அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அப்பா, எறங்குங்க."