எவாரிஸ்தோ ஏறாத அலை

இந்த ஈஸ்டர் விடுமுறைக்குக் கடல் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று எவாரிஸ்தோ சபதம் எடுத்தான். எடுத்த இடம் குளியலறை. வெளியே எடுத்தால் மனைவி நோயெமி காதில் விழுந்துவிடும்.

காரணம் இருந்தது. குவாதலஹாரா நகரத்தில் தரை ஓடு விற்கும் இந்த மனிதன், காதலித்த காலத்தில் நோயெமியிடம் ஒரு கதை விட்டிருந்தான். மாதா கோயில் கோபுர உயரத்துக்கு எழும்பிய பசிபிக் அலைமேல், பலகையில் நின்றபடி சறுக்கினானாம். ஒரு கையில் இளநீர் வேறு. உண்மையில் சறுக்கியது நாக்கு மட்டும்தான். இடுப்பளவு தண்ணீர் என்றாலே அவன் கரையேறிவிடுவான்.

பதினைந்து வருஷம் சமாளித்துவிட்டான். ஒரு வருஷம் ஜெல்லிமீன் சீசன். ஒரு வருஷம் கார் ரிப்பேர். ஒரு வருஷம் சுறா வந்ததாக நண்பனின் நண்பன் சொன்னான். இப்போது ஆபத்து, பன்னிரண்டு வயது மகள் இட்சேல் ரூபத்தில் வந்தது. "எங்கப்பா அலைச்சறுக்கு வீரர்" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவள் கண்முன் சாயம் வெளுத்துப் போவதை நினைத்தால் அவனுக்குச் சோளக் கஞ்சிகூட இறங்கவில்லை.

ஞாயிறு காலை நோயெமி பேப்பரும் பேனாவுமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள்.

"நயாரித் கடற்கரை. நாலு நாள். மணல்லயே டெண்ட் போட்டுத் தங்கறோம். என்னென்ன எடுத்துக்கணும், சொல்லு கிழவா."

"என் ராணி, டெண்டுக்குள்ள தேள் வரும்."

"ஜிப் இருக்கு."

"தேளுக்கு ஜிப் திறக்கத் தெரிஞ்சா?"

"அவ்வளவு புத்திசாலித் தேள் உன்னைக் கொட்டாது. எதுக்கு வீணா விஷம்னு போயிடும்."

"சாப்பாட்டுக்கு?"

"பீன்ஸ், தோர்த்தியா ரொட்டி, எலுமிச்சம்பழம். மீன் அங்கயே வாங்கிச் சுட்டுக்கலாம்."

"கொசு?"

"அதை எடுத்துக்க வேணாம். அங்கயே இருக்கு."

"அவ்வளவு தூரம் அலைஞ்சு போயி, அலையே இல்லைன்னா?"

"உனக்கென்ன? நீ அலை இல்லாமலே சறுக்குவியே."

இட்சேல் ஓடி வந்தாள். "அப்பா, உனக்கு எந்தப் பலகை வேணும்? நீளமா, குட்டையா?"

"அகலமா. நாலு காலோட. மேல மெத்தை போட்டு."

கிளம்புவதற்கு முதல் நாள் காலை, கேஸ் சிலிண்டரைத் தூக்கப்போன எவாரிஸ்தோ "ஐயோ!" என்று தரையில் சாய்ந்தான். சாய்கிற இடத்தில் தயாராக ஒரு தலையணை இருந்தது.

"முதுகு போச்சு, ராணி! ஒரு வாரம் அசையக்கூடாது!"

நோயெமி அவனைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். "அடப் பாவமே," என்று போனை எடுத்தாள்.

அரை மணி நேரத்தில் சுளுக்கு எடுக்கும் தோன் கசிமிரோ வந்து சேர்ந்தார். கட்டைவிரல் ஒவ்வொன்றும் சோளக் கதிர் பருமன். வாசலில் நோயெமியோடு ஏதோ கிசுகிசுத்துவிட்டு, தைலத்தைக் கொட்டி முதுகில் ஓர் அழுத்து அழுத்தினார். எவாரிஸ்தோ வாயில், அவன் அதுவரை கும்பிடாத புனிதர்கள் பெயரெல்லாம் வரிசையாக வந்தது. மூன்றாவது அழுத்துக்கு எழுந்து நின்றுவிட்டான்.

"சரியாயிடுச்சு! சுத்தமாச் சரியாயிடுச்சு!"

"இடுப்பு இன்னும் பாக்கி இருக்குங்களே."

"அது பிறந்ததிலிருந்தே நல்லா இருக்கு!"

மறுநாள் மதியம் கடற்கரையில் டெண்ட் எழும்பியது. அலையும் எழும்பியது. இட்சேல் வாடகைப் பலகையை மணலில் இழுத்துக்கொண்டு வந்தாள். "வாப்பா!" முகமெல்லாம் வெளிச்சம்.

எவாரிஸ்தோ கணுக்கால் ஆழம்வரை போனான். ஒரு குட்டி அலை வந்து பாதத்தை நக்கியது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"கண்ணு, அப்பாவுக்கு அலைச்சறுக்கு தெரியாது. நீச்சலும் தெரியாது. சொன்னதெல்லாம் பொய்."

பெண்ணின் முகம் வாடியது. "கோபுர உயர அலை?"

"பொய்."

"இளநீர்?"

"அது நிஜம். கரையில உட்கார்ந்து குடிச்சேன்."

இட்சேல் இடுப்பில் கைவைத்து அவனை முறைத்தாள். பிறகு உதடு துடித்து, சிரிப்பு பீறிட்டது. "அப்போ நீயும் என்னை மாதிரி புதுசா? ரெண்டு பேரும் சேர்ந்தே விழலாம்பா!"

எவாரிஸ்தோவுக்குப் பதினைந்து வருஷ மூச்சு ஒன்றாக வெளியே வந்தது. அதற்குள் சறுக்கு சொல்லித்தரும் பெண் கையில் தாளோடு வந்தாள்.

"ஆரம்ப வகுப்புக்கு ரெண்டு பேர். போன மாசமே பதிவு ஆகியிருக்கு. ஒருத்தருக்கு நீச்சல் தெரியாது, தண்ணின்னா பயம்னு எழுதியிருக்கு." இட்சேல் தலையைத் தடவினாள். "பயப்படாத பாப்பா."

"பாப்பா நான்தாங்க," என்றான் எவாரிஸ்தோ.

நேராக நோயெமியிடம் போனான். அவள் மீன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த முதுகு வைத்தியம்?"

"எல்லாம் நடிப்புன்னு சொன்னேன். அப்போ நான் எதுக்குன்னு கேட்டாரு. வந்தது வந்துட்டீங்க, நாலு அழுத்து அழுத்திட்டுப் போங்கன்னேன்."

"அலைக் கதை பொய்னு எப்போ தெரிஞ்சுது?"

"நீ சொன்ன அன்னிக்கே."

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட?"

"இவ்வளவு மோசமாப் பொய் சொல்ற ஆளைக் கட்டிக்கிட்டா ஆயுசுக்கும் கவலையில்லைன்னுதான், கிழவா."