முத்திரையிட்ட மதகு

குறிஞ்சாபுரி நாட்டில், அண்டை நாட்டு மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்றுக்குப் பன்னிரண்டு மதகுகள் இருந்தன. அவற்றை ஏற்றி இறக்கும் பொறியை அண்டை நாட்டான் ஒருவன் எப்போதோ உருவாக்கி, வரைபடத்தை எல்லா நாடுகளுக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தான். யாரும் திறந்து பார்க்கலாம், பழுது கண்டால் திருத்தலாம். திருத்தியதை மற்றவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஏழாம் மதகின் காவல்காரி செண்பகவடிவு பல்சக்கரத்தில் செய்த திருத்தமும் அப்படித்தான் பல நாடுகளுக்குப் போயிருந்தது.

அண்டை நாட்டோடு மன்னருக்குப் பகை மூண்டது. அமைச்சர் நன்மாறர் பரிவாரத்தோடு மதகுக்கு வந்தார்.

"இது அந்நியப் பொறி. உள்ளே வேவு இருக்கிறது."

"திறந்துதாங்க கெடக்கு. எதுன்னு காட்டுங்க, நானே புடுங்கிப் போட்டுடறேன்" என்றாள் செண்பகவடிவு.

"கண்ணுக்குத் தெரிந்தால் அது வேவு ஆகாது" என்றார் அமைச்சர். உடன் வந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்நியர் கைபட்ட பாகங்களையெல்லாம் கழற்றச் சொல்லி முதல் ஆணை வந்தது. கழற்றிய பின் மதகுகள் பாதிக்குமேல் ஏறவில்லை. வயல்கள் காய்ந்தன. அடுத்த ஆணையோடு சுதேசிப் பொறி வந்தது. இரும்புப் பெட்டி, அதன்மேல் மன்னரின் முகம், மூடியில் அரக்கு முத்திரை. திறப்பது ராஜத்துரோகம்.

ஐப்பசியில் ஆறு பொங்கியபோது ஏழாம் மதகின் பொறி முனகிவிட்டு நின்றுபோனது. மதகு ஏறாமல் தண்ணீர் கரையை முட்டியது.

"ஐயா, திறக்க விடுங்க. அரை நாழிகையில சரி பண்ணிடுவேன். கீழ ஆவாரந்தோப்புல முந்நூறு குடும்பம் இருக்கு" என்று அங்கிருந்த கண்காணிப்பாளரிடம் கெஞ்சினாள்.

"அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்" என்றார் அவர்.

அனுமதிக்கு முன்னால் கரை உடைந்தது. பத்தொன்பது பேர் செத்தார்கள். அதில் அவளுடைய தங்கை முல்லையும் ஒருத்தி.

தங்கையைப் புதைத்த கையோடு கடப்பாரையை எடுத்துவந்து செண்பகவடிவு முத்திரையை உடைத்தாள். உள்ளே இருந்தது அதே பழைய பொறி. அண்டை நாட்டானின் பெயரை மட்டும் அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். அவள் திருத்திய பல்சக்கரமும் இல்லை. அவளுடைய திருத்தம் அண்டை நாட்டு வரைபடத்திலும் ஏறியிருந்ததால் அதையும் அந்நியமென்று கழித்திருந்தார்கள்.

விசாரணையில் அமைச்சர் நிதானமாகச் சொன்னார்: "உள்ளே என்ன இருந்தது என்பது வழக்கல்ல. நீ பார்த்தாயா என்பதே வழக்கு."

"பாத்தேன். யாரையும் பாக்க விடாததாலதான் பத்தொம்பது பேரு செத்தாங்க."

அவளைச் சிறையில் அடைத்தார்கள். அன்றே இன்னோர் ஆணை: வெள்ளம் அந்நிய மலையில் பிறந்தது. ஆகவே அதில் செத்தவர்களுக்கு இந்நாட்டு நிவாரணம் கிடையாது.

ஒரு வாரத்தில் மற்ற பதினொரு மதகுகளின் முத்திரைகளும் உடைந்து கிடந்தன. ஐந்தாம் மதகில் எண்ணெய்க் கையோடு நின்ற பெண்ணிடம், "திறந்தது யார்?" என்று அதட்டினார் அமைச்சர்.

"ஊரே சேர்ந்து திறந்துச்சு" என்றாள் அவள். "கொஞ்சம் நகருங்க, தண்ணி வருது."